இத்தோவின் ஆட்கள்

மலையூரான அஸ்ரூவில் டாக்ஸி புறப்படும்போதே இத்தோ பானையை மடியில் வைத்துத் துணியால் சுற்றி, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். பழைய மெர்சிடிஸ். ஆறு பேர் சேராமல் நகராது. சேர்ந்தால் மூச்சு விட இடமிருக்காது. ஆப்பிள் வியாபாரிகள் மூன்று பேர், லீவில் போகும் ஒரு சிப்பாய், இத்தோ, அவளை ஒட்டி முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பெண். நாடு சுற்ற வந்தவளாம், பெயர் இனேஸ். அந்த ஊர்ப் பேச்சில் தெரிந்த நாலு வார்த்தையை வைத்து எல்லாரிடமும் நலம் விசாரித்து முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பானையில் இருந்தது ரஃபிஸ்ஸா. பிள்ளை பெற்றவளுக்கென்றே செய்வது. பிய்த்துப் போட்ட ரொட்டியின் மேல் நாட்டுக்கோழியும் பருப்பும் வெந்தயமும். வெந்தய வாசனையைத் துணியால் கட்டி வைக்க முடியுமா என்ன? ஊர் எல்லை தாண்டுமுன்பே வண்டி முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. மகள் தூதாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. இன்று ஏழாம் நாள். அவள் வாழ்க்கைப்பட்ட மிதெல்த்தில் கிடா அறுத்துப் பெயர் வைக்கிறார்கள். எல்லாரும் வாழ்த்தினார்கள். தன்னை யாரும் அழைக்கவில்லை என்பதை மட்டும் இத்தோ சொல்லவில்லை.

லாரி மெக்கானிக் ஒருவனைத்தான் கட்டுவேன் என்று மகள் நின்றபோது, அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று இத்தோ சொல்லிவிட்டாள். சொன்னபடியே கல்யாணத்துக்கும் போகவில்லை. இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. பிள்ளை பிறந்த செய்தியே பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். சண்டை போடத் தெரிந்த அளவுக்கு இத்தோவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. பானையை மகள் முன்னால் வைப்பாள், மகள் ஒரு வாய் சாப்பிடுவாள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவள் போட்டு வைத்திருந்த கணக்கு அவ்வளவுதான்.

வழியில் மலைக் கணவாயில் பனி கொட்டி, சாலைத் தடுப்பை இறக்கிவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் லாரிகள். மதியம் தாண்டியது. சிப்பாயின் வயிறு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தியது. இனேஸ் பையிலிருந்து ஒரே ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, சுளை சுளையாக எல்லாருக்கும் கொடுத்தாள். இத்தோ அதை வாங்கி மென்றாள், கண் மடியிலிருந்த பானையிலேயே இருந்தது. டிரைவர் ஹத்து ஜன்னலை இறக்கினான். வாசனை வெளியே போகட்டும், அந்த அம்மாளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று. குளிர் உள்ளே வந்து எல்லாரையும் குத்தியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

"ஜன்னல ஏத்துடா," என்றாள் இத்தோ. "பனிய அள்ளி எல்லாரும் கையக் கழுவுங்க."

"அது பிள்ள பெத்தவ பங்கு, பெரியம்மா. நாங்க பசி தாங்குவோம்," என்றான் ஹத்து.

"நீ தாங்குவே. என் கண்ணு தாங்குமா?"

துணியை அவிழ்த்துப் பானையை எல்லாருக்கும் நடுவில் வைத்தாள். ஒரு கோழித்தொடையையாவது மகளுக்கு ஒதுக்கி வைக்க நினைத்தாள். ஆனால் விருந்தாளியின் பக்கம் நல்ல துண்டைத் தள்ளிப் பழகிய கை, அவளைக் கேட்காமலேயே அதை இனேஸ் பக்கம் தள்ளிவிட்டது. பானை காலியானதும் இத்தோ அழுதாள். வெறும் கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்பது? மறைத்ததெல்லாம் அழுகையோடு வெளியே வந்தது. வியாபாரிகள் மூவரும் விரல்களை நக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

தடுப்பு தூக்கப்பட்டு மிதெல்த் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஹத்து ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஒரு கடை முன்னால் நிறுத்தினான். எல்லாரும் இறங்கி, பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் சர்க்கரைக் கூம்பு ஆளுக்கொன்று வாங்கினார்கள். பிறகு மகளின் வீடு எந்தத் தெருவென்று ஹத்து இத்தோவிடம் கேட்டான்.

தூதா கதவைத் திறந்தாள், தோளில் குழந்தை. அம்மாவைப் பார்த்ததும் முகம் கல்லாயிற்று. பின்னால் பனியில் நனைந்து நின்ற கூட்டத்தைப் பார்த்துக் குழம்பினாள்.

"தங்கச்சி, உனக்குக் கொண்டுவந்த சோத்த நாங்கதான் தின்னுட்டோம்," என்றான் ஹத்து. "திட்டுறதுன்னா எங்களத் திட்டு."

தூதா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு, அவனைப் பார்த்தே, "உள்ள வாங்க" என்றாள். வாசலில் வந்தவர்களை நிற்க வைக்க அவளாலும் முடியாது. இத்தோ வளர்த்த பெண்.

விருந்தினர்கள் போய்விட்டிருந்தார்கள். கணவன் இரவல் வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். இத்தனை பேருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், தேநீர் போட வேண்டும். ஒற்றைக் கையால் எதுவும் ஆகாது. தூதா அறையைச் சுற்றிப் பார்த்தாள். சிப்பாயைப் பார்த்தாள், இனேஸைப் பார்த்தாள். கடைசியில் சுவரோரம் ஒடுங்கியிருந்த அம்மாவிடம் வந்து, அவள் மடியில் குழந்தையைப் போட்டாள்.

"தலையப் புடிச்சுக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இத்தோ பிடித்துக்கொண்டாள். என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்கவும் தைரியமில்லை. சமையலறையில் சர்க்கரைக் கூம்பை உடைக்கும் சத்தம் கேட்டது. குழந்தை திடுக்கிட்டுக் கண் விழித்து, யாரென்று தெரியாமல் அவளையே பார்த்தது.