முதலில் அக்காவுக்கு

திவாலாவதற்கு இத்தனை காகிதம் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடன் வாங்கும்போது நாலு கையெழுத்தோடு வேலை முடிந்தது. இப்போது "என்னால் கட்ட முடியவில்லை, விட்டுவிடுங்கள்" என்று கோர்ட்டில் கேட்பதற்கு, கட்டில் முதல் மனைவியின் தையல் மெஷின் வரை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இல்லாதவன் என்று நிரூபிக்க இருப்பதையெல்லாம் பட்டியல் போட வேண்டுமாம். நல்ல வேடிக்கை.

நான் சலவைக்கடை வைத்திருந்தேன். ஓட்டல் விரிப்புகள், தலையணை உறைகள், டவல்கள் என்று நாளைக்கு எண்ணூறு உருப்படி வெளுக்கிற கடை. மூன்று ஓட்டல்களை நம்பி இரண்டு பெரிய மெஷின்களைக் கடனில் வாங்கினேன். டிரையர் மட்டும் சொந்தக் காசு. ஓர் ஓட்டல் மூடிவிட்டது. இன்னொன்று தானே மெஷின் போட்டுக்கொண்டது. மூன்றாவது, எட்டு மாத பில்லுக்கு எனக்கு அழகாக நாமம் போட்டுவிட்டது. மெஷின் தவணைக்குக் கடன், அந்தக் கடனுக்கு இன்னொரு கடன் என்று வாங்கி வாங்கிக் கழுத்துவரை வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. வசூல்காரர்களுக்குத்தான் அலுப்பே இல்லை. நான் ஃபோனை எடுப்பதில்லை என்று தெரிந்ததும், மகள் வேலை பார்க்கும் ஆபீசுக்குப் போட ஆரம்பித்தார்கள். "உங்க அப்பா எங்கம்மா ஓடிட்டார்?" என்று ஒருத்தன் கேட்டானாம். ஸ்பீக்கரில், மேனேஜர் முன்னால். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலையை விட்டுப் போய்விடச் சொல்லிவிட்டார்கள். பத்து நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. மனுவைக் கோர்ட் ஏற்றுக்கொண்டால் அந்த ஃபோன் நிற்கும். எனக்கு அது ஒன்று போதும்.

வக்கீலம்மாவின் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, சுவரெல்லாம் கட்டுக் கட்டாகக் கோப்புகள். பன்னிரண்டு பக்க ஃபாரத்தை ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக்கொண்டு வந்தார். ஒன்பதாம் பக்கத்தில் கேட்டார்.

"போன ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது கடனைத் திருப்பிக் கொடுத்திருக்கீங்களா?"

இதற்காகத்தான் காத்திருந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க அக்காவுக்குக் கொடுத்துட்டேன் மேடம். நாலு லட்சம். போன மாசம் டிரையரை வித்து, ஒரு பைசா பாக்கி இல்லாம அடைச்சிட்டேன். திவால்னு ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி கூடப்பிறந்தவ கணக்கையாவது தீர்த்துடணும்னு."

பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"தப்பா மேடம்?"

"பன்னெண்டு பேர் கடனுக்காகக் காத்திட்டிருக்கும்போது ஒருத்தருக்கு மட்டும் மொத்தமா கொடுக்கக் கூடாது சார். அதுவும் சொந்த அக்காவுக்கு. கோர்ட் நியமிக்கிற அதிகாரி அந்தப் பணத்தை அவங்ககிட்டேருந்து திரும்ப வாங்கி எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுப்பார். இல்லைன்னு சொன்னா அவங்க மேல கேஸ் போடுவார்."

"இதை எழுதாம விட்டுட்டா?"

"பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருக்கே. மறைச்சா மனு தள்ளுபடி ஆயிடும். பொய் சொன்னதுக்குத் தனியா மாட்டிக்குவீங்க." என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "அக்கா அதை அப்படியே வச்சிருந்தாங்கன்னா ஒண்ணும் பயமில்ல. கேக்கும்போது கொடுத்துட்டுப் போறாங்க. முதல்ல அவங்ககிட்ட பேசுங்க. நாளைக்கு மனு போட்டாகணும்."

அக்கா ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் வேலை பார்க்கிறாள். அடுத்த வருஷம் ஓய்வு. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, மாடியில் ஒண்டிக்கட்டையாக இருக்கிறாள். நான் போனபோது மத்தியானம் இரண்டு மணி. விடுமுறை நாள். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடா. காலை ஓரமா வை, ஈரம். மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு? சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினேன், வீட்டு ஓனரைப் பற்றிப் பேசினேன். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு என்ன முன்னுரை போடுவது? கடைசியில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். வக்கீலம்மா சொன்னது, மறைத்தால் என்ன ஆகும் என்பது, எல்லாவற்றையும்.

அவள் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டாள்.

"அந்தப் பணம் இல்லையேடா."

"செலவாயிடுச்சா?"

"நீ கொடுத்த அன்னைக்கே ஃபைனான்ஸ்ல கொண்டுபோய்க் கட்டிட்டேன்."

"எந்த ஃபைனான்ஸ்?"

"என் சம்பளத்துல நாலு லட்சம் சேத்து வச்சிருந்தேன்னா நம்புன? உனக்காகத்தான் வாங்கினேன். அசலைக் கட்டியாச்சு. வட்டி பாக்கியை மட்டும் மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறான். இன்னும் பத்து மாசம் இருக்கு."

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா கடனை அடைத்த மானஸ்தன் என்று ஒரு மாதமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். எனக்கு இருந்த ஒரே பெருமை அது.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பியா?"

"மாட்டேன்" என்றேன். பச்சைப் பொய். அந்த வாரம் எமன் கொடுத்திருந்தாலும் கை நீட்டியிருப்பேன்.

"மனுவே வேண்டாம்க்கா, விட்டுடறேன். உன்னைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டு நான் தப்பிக்க முடியாது."

"அப்ப புள்ளையோட ஆபீசுக்கு ஃபோன் போடுறவனை யாருடா நிறுத்துவா? நீயா?"

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த ஃபாரத்தை வாங்கினாள். நாளெல்லாம் நோயாளிகளின் காகிதங்களைப் படிக்கிறவள். ஒன்பதாம் பக்கத்தை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டாள்.

"எழுது."

"அக்கா..."

"எழுதுடா. தேதி, தொகை, பேர், உறவு. தேதியை ஒழுங்கா போடு, அப்புறம் அதுக்கு ஒரு தகராறு வரும்."

எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதும்போது ஒரு எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். வாசலைப் பார்த்துப் போகச் சொல்லியிருக்கலாம். அவள் திட்டவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். ஐம்பத்திரண்டு வயசில்.

அவள் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஃபாரத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தாள்.

"இது எங்கடா கெடைக்குது?"

"கோர்ட் வாசல்ல. எதுக்குக்கா?"

"எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா. அவங்க வந்து நாலு லட்சம் கேட்டா நான் எங்க போவேன்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிதானமாக, காய்கறி விலை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"அந்த வக்கீலம்மா, ஒரே குடும்பத்துல ரெண்டு பேர்னா ஃபீஸ் கொஞ்சம் கொறைப்பாங்களா?"

"கேக்கறேன்க்கா" என்றேன்.