திறந்து கிடந்த கேட்

வெர்லின் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. ஹீட்டரின் வடிகட்டியை மாற்ற மாடிக்குப் போனவர் காதில் அது தானாக விழுந்தது.

"மிஸஸ் ப்ரூயிட், வெர்லின்கிட்ட இப்ப எதுவும் சொல்லிடாதீங்க. எங்க அப்பா ஒரு முடிவு சொல்லட்டும். அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

போனில் பேசியது தமுனா, அவர் வீட்டில் தங்கிப் படிக்கிற பெண். வெர்லின் வந்த சத்தம் தெரியாமல் இறங்கிவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து ஒரு வருடம் படிக்க வரும் பிள்ளைகளை இந்த வட்டாரத்து வீடுகளில் சேர்த்துவிடுவது மிஸஸ் ப்ரூயிட்தான். வீடு ஒத்துவரவில்லை என்றால் வேறு வீட்டுக்கு மாற்றுவதும் அவள்தான்.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. போன வாரம் தமுனா தொழுவத்து கேட்டைத் திறந்து போட்டுவிட்டாள். கிடேரிகள் எல்லாம் நெடுஞ்சாலையில் நின்றன. பனியில் விரட்டிப் பிடித்து அடைத்த கையோடு வெர்லின் கத்தினார். "உங்க நாட்டுல கேட்டே கிடையாதா?"

அவள் நாடு ஜார்ஜியா. கருங்கடல் பக்கத்து ஜார்ஜியா. சவுத் டகோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் அவளை இன்னும் அமெரிக்காவிலேயே இருக்கிற ஜார்ஜியா மாநிலத்து, அட்லாண்டா பக்கத்துப் பெண் என்றே நினைத்திருந்தார்கள். ஆகஸ்டில் வந்து இறங்கியவள், ஒரு தம்ளர் பாலைக்கூட, அவள் ஊர் வழக்கப்படி அதை உயர்த்தி யாரையாவது வாழ்த்தாமல் குடிக்க விடமாட்டாள். மாடுகளை வாழ்த்துவாள், பக்கத்து வீட்டு டிராக்டரை வாழ்த்துவாள். பத்து நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த இரவுச் சாப்பாடு ஒரு மணி நேரமாகிவிட்டது.

"அவகிட்டயே கேட்டுடேன்யா," என்றாள் மனைவி ஆர்லிஸ்.

"கேட்டா, ஆமான்னு சொல்லிட்டா?"

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக நாற்பது மைல் வண்டி ஓட்டிப்போய் ஒரு மூட்டை வால்நட் வாங்கி வந்தார். அவள் ஊர்ச் சமையல் அது இல்லாமல் நடக்காதாம்.

"இவ்வளவும் எனக்கா? நான் என்ன அணிலா?" என்று சிரித்தாள் தமுனா. வெர்லினுக்கு அது போகப்போகிறவளின் சிரிப்பு.

புதன்கிழமை அவர் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"வெர்லின், உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

வைக்கோல் அள்ளும் கவைக்கோலைச் சுவரில் சாத்தி வைத்தார். "எந்த வீட்டுக்குப் போறே?"

"வீடா?"

"மிஸஸ் ப்ரூயிட்கிட்ட பேசினியே."

தமுனாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "நான் போயிட்டா உங்க கேட்டை யாரு திறந்து போடுவா?"

பிறகு விஷயத்துக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை பள்ளியின் கடைசி கூடைப்பந்து ஆட்டம். அணியில் இருக்கும் கடைசி வருடப் பிள்ளைகள், தமுனாவும் சேர்த்து, ஒவ்வொருவரும் ஆட்டத்துக்கு முன் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஆட்ட அரங்கில் நடக்க வேண்டும்.

"ஆர்லிஸும் நீங்களும் வரணும். ஆனா அப்பா இடத்துல இன்னொருத்தரை நிறுத்தணும்னா முதல்ல அப்பாகிட்ட கேக்கணும் இல்லையா? மிஸஸ் ப்ரூயிட்கிட்டயும் அதைத்தான் பேசினேன். அப்பா நாலு நாள் யோசிச்சாரு."

"யோசிச்சு?"

"சரின்னுட்டாரு. ஆனா அவரும் வருவாராம்."

வந்தார். ஆர்லிஸ் பிடித்திருந்த போனுக்குள், கோட்டு சூட்டோடு, கையில் ஒயின் கோப்பையோடு. அங்கே இன்னும் விடியவில்லை. தமுனாவின் பெயரை அழைத்ததும் அவர் எழுந்து நின்று வாழ்த்த ஆரம்பித்தார். தமுனா மொழிபெயர்த்தாள். பயிற்சியாளருக்கு ஒரு வாழ்த்து, எதிரணிக்கு ஒரு வாழ்த்து, மாடுகளுக்கும் ஒன்று. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

திடீரென்று தமுனா வாயை மூடிக்கொண்டாள். முகம் சிவந்தது.

"என்ன சொல்றாரு?" என்றார் வெர்லின்.

"ஒண்ணுமில்ல."

திரையில் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். மகளைக் காட்டினார். இரண்டு கைகளாலும் ஒரு பெரிய கதவைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டுப் போவதுபோல நடித்துக்காட்டித் தலையில் அடித்துக்கொண்டார்.

வெர்லின் சிரித்த சிரிப்பு கூரை வரை கேட்டது. பக்கத்திலிருந்தவரின் எலுமிச்சைச் சாற்றைப் பிடுங்கி அந்த அப்பாவை நோக்கி உயர்த்தி, ஒரே மடக்கில் குடித்தார். பிறகுதான் மூவரும், போனோடு நால்வரும், நடந்தார்கள்.

வீடு திரும்பியதும் தமுனா இறங்கி கேட்டைத் திறந்தாள். வண்டி உள்ளே போனது. குளிரில் கையை ஊதிக்கொண்டு, ஆட்டத்தில் தான் போட்ட ஒரே கூடையைப் பற்றிப் பேசியபடியே ஆர்லிஸோடு வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

கேட் திறந்தே கிடந்தது. வெர்லின் நடந்து போய் அதை மூடிச் சங்கிலி மாட்டிவிட்டு வந்தார்.