வயிற்றெரிச்சலில் வெந்த சோறு

12.8.2025, செவ்வாய். நேற்றைய குறிப்பில் ஒரு சிறு தவறு. தையல்நாயகியின் வயிற்றில் அரைப்படி அரிசி பதினெட்டு நிமிடத்தில் வெந்தது என்று எழுதியிருக்கிறேன். நிமிடம் சரி, பெயர் தவறு. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. ஆடி பிறந்ததிலிருந்து இரும்புலியூர் லைன் வீட்டில் வயிற்றில் சோறு ஆக்குவது தீபா. தையல்நாயகி ஆக்கியது அதற்கு முந்தைய பத்து மாதம். பெயர் மாறியதில் என் கையும் இருப்பதால் முதலிலிருந்து எழுதிவிடுவது நல்லது.

தையல்நாயகி காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் தரை துடைக்கிறார். கணவர் குமரேசன் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டியில் கொய்யா விற்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் தீபா. அவர் கணவர் ஏகநாதன் இன்னொருவருடைய காரை டாக்சியாக ஓட்டுகிறார். இரண்டு வீட்டுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது, இரண்டு வீட்டிலும் அது கேஸ் சிலிண்டராக மாறியது. போன ஆண்டு தகுதியை மறுபடி சரிபார்க்க ஒரு படிவம் வந்தது. தீபா தானே நிரப்பிக்கொண்டார். தையல்நாயகியும் குமரேசனும், அதே லைனில் குடியிருக்கும் நான் பகலில் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்து வந்தார்கள். ‘குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் உண்டா?’ என்று வாசித்தேன். குமரேசன் கொஞ்சம் யோசித்தார். “வண்டிக்கு நாலு சக்கரம் கீதே பாப்பா. கீதுன்னே போடு. பொய் சொன்னா புடிச்சிடுவானுங்க.” எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ‘உண்டு’ என்பதில் டிக் அடித்தேன். அடுத்த மாதமே பணம் நின்றது.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி காலை தீபாவின் போனில் மெசேஜ் வந்தது. “அக்கா, எனக்கு வந்துடுச்சு. உனக்கு?” என்று கேட்டார் தீபா. தையல்நாயகி மடியில் டிபன் பாக்ஸோடு வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். “வயிறு எரியுதுடி,” என்றார். டிபன் பாக்ஸுக்குள் பழைய சோறு தளதளவென்று கொதித்தது. புடவையில் வட்டமாக ஒரு கருகல் விழுந்தது. அந்த வாரமே சிலிண்டரும் தீர்ந்துபோனதால் வீட்டில் யாரும் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பானையை அணைத்துக்கொண்டார்.

சூடு தீபாவைப் பொறுத்து ஏறி இறங்கியது. பதினைந்தாம் தேதிகளில் துவரம்பருப்பு குழைந்தது. பொங்கலுக்குத் தீபா மிக்சி வாங்கியபோது ஆட்டுக்கறியே வெந்தது. தீபா டெங்குவில் படுத்த வாரம் தையல்நாயகி போய்ப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டதால் அரிசி அரைவேக்காட்டில் நின்றது. எல்லோரும் பன் தின்று படுத்தார்கள். வேலைக்கு ரயிலில் போகும்போது தையல்நாயகி பெருங்களத்தூரின் புது அடுக்குமாடிகளைப் பார்த்து எரிந்து பார்த்தார். வெந்நீருக்குக்கூடக் காணவில்லை. அத்தனை உயரத்தில் இருப்பவர்களைப் பார்த்தால் ஆச்சரியம்தான் வந்தது. குணமானதும் தீபாவே தினமும் ஆறரைக்கு வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார். “இந்தா பாருக்கா, புதுக் கொலுசு. சீக்கிரம் உலைய வை.” தையல்நாயகி, “கொக்கு காலுக்கு கொலுசு ஒண்ணுதான் கொறச்சல்,” என்பார். உலை கொதிக்கும்.

இந்தக் கோடையில் தையல்நாயகியின் வயிறு கொப்பளித்துக் குனிய முடியாமல் போனது. குனியாமல் தரை துடைக்க முடியாது. ஜூன் முடிவதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் வைப்பதாக விடுதியில் சொல்லிவிட்டார்கள். எரிச்சல் அடங்க ஒரே வழி, நின்ற பணம் திரும்ப வருவது. மேல்முறையீட்டு மனு எழுத உட்கார்ந்தோம். தள்ளுவண்டிக்கு இன்ஜின் இல்லை என்று முதல் காரணம் எழுதினேன். “இதையும் எழுது பாப்பா. பக்கத்து வூட்டுக்காரன் காரே ஓட்றான், அவனுக்கு வர்து. தள்றவனுக்கு இல்லியா, இன்னா நியாயம்?” என்றார் குமரேசன். ஏகநாதன் கார் ஓட்டுவது உண்மைதானே என்று அதை இரண்டாவது காரணமாக எழுதினேன். கார் அவருடையது இல்லை என்பதும் உண்மை. அதை எழுதத் தோன்றவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி வயிற்றில் போட்ட டீயைக் குடித்தார். ‘மாற்று எரிபொருள் உண்டு’ என்று குறித்துக்கொண்டார். வண்டியைச் சுற்றிவந்து, இன்ஜின் இல்லை என்பதையும் எழுதினார். பிறகு பக்கத்து வீட்டு வாசலில் நின்ற காரின் நம்பரை எழுதினார். தையல்நாயகிக்கு விடுதியில் இரண்டு வாரம் தவணை கேட்டு வாங்கினோம். ஜூலை பதினைந்தாம் தேதி அவருக்குப் பணம் வந்தது, தீபாவுக்கு நின்றது. மதியத்துக்குள் தையல்நாயகியின் வயிறு குளிர்ந்தது. இரண்டு நாளில் தீபாவின் நைட்டியில் வட்டமாக ஒரு கருகல் விழுந்தது. மூன்று வாரம் தீபா யாரோடும் பேசவில்லை. பேசாமல் ஆக்கிய சோறு நாளாக ஆக விறைத்துக்கொண்டே வந்தது.

நேற்று ஆறரைக்குத் தையல்நாயகி போன மாத மெசேஜை எடுத்துவைத்துக்கொண்டு தீபாவின் வாசலில் நின்றார்.

“பாருடி. எனக்கு வந்துடுச்சு.”

“போக்கா, பேஜார் பண்ணாத.”

“ஆயிரம் ரூபாடி. முழுசா. நல்லா பாத்துட்டு உலைய வை, புள்ளைங்க பசியோட கீதுங்க.”

தீபா பார்த்தார். பானையின் மூடி ஆடத் தொடங்கியது. பதினெட்டு நிமிடம், நின்றபடியே போனைப் பிடித்திருந்தார் தையல்நாயகி. திரை அணையும்போதெல்லாம் கட்டை விரலால் தட்டி எழுப்பினார்.

நாளை: தீபாவின் மேல்முறையீட்டு மனு எழுத வேண்டும். கார் இன்னொருவர் பெயரில் இருப்பதற்கு ஆர்.சி. நகல் இணைக்க வேண்டும். ஒரு காரணம் போதும். பக்கத்து வீட்டைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது.