நீலப் பெட்டியில் விழுந்த கடிதம்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் குப்பை டீச்சர். வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். பள்ளியில் குப்பை பிரிக்கும் பொறுப்பு அவளுடையது. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளிபோல மினுங்கினால் மறுசுழற்சிக்குப் போகாது, எண்ணெய் பட்ட காகிதமும் போகாது, ஜூஸ் டப்பாவில் சொருகிய ஸ்ட்ராவைப் பிடுங்கிவிட்டுத்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டவன் கையில் மாட்டினால் தொலைந்தான். "கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று அவனையே கையை விட்டு எடுக்கவைப்பாள்.

அதெல்லாம் போன வருஷம் வரைக்கும். இப்போது அவள் யாரையும் திட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குப்பை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வாரம் முழுக்கச் சேர்ந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கசங்கியதை நீவி, முன்னும் பின்னும் படிப்பாள். தப்பும் தவறுமாகப் போட்ட கணக்கு, மீசை வைத்த பூனைப் படம், 'இனிமே உன்கூட டூ' என்று ஒரு சண்டை. ஒன்றையும் விடமாட்டாள். லாரிக்காரர் வெளியே நின்று கத்துவார்: "டீச்சரம்மா, பழைய பேப்பர இப்படி வரி விடாமப் படிச்சா நான் எப்போ வீடு போய்ச் சேர்றது?" கத்தட்டும்.

நடந்தது இதுதான். தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. மேலே நீளமான துளை, பக்கத்தில் பூட்டு. பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடுவதற்கு வைத்தது. திறந்து படிப்பதும் இவள்தான். வருஷத்துக்கு நாலு கடிதம் வந்தால் அதிகம், அதுவும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றுதான். சும்மா கிடப்பானேன் என்று அவளே நீலப் பெயிண்ட் அடித்து, காகிதக் குப்பை போடும் பெட்டியாக மாற்றிவிட்டாள். காலையில் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் சொல்லவும் செய்தாள். பெட்டிமேல் எழுதி ஒட்டத்தான் சோம்பல். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

அந்த வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி காய்ச்சலில் வரவில்லை. ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பெயர். திரும்பி வந்தவள் அந்தப் பெட்டியில் ஒரு கடிதம் போட்டாள். அது மற்ற காகிதத்தோடு சேர்ந்து ஆலைக்குப் போய்க் கூழாகிவிட்டது. பத்தாம் நாள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். எழவேயில்லை.

சாவு வீட்டில் எறும்பின் அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி வாடிப்போயிருக்கன்னு கேட்டேன் டீச்சர். டீச்சருக்கு எழுதிப் பெட்டியில போட்டுட்டேன், அவங்க பாத்துக்குவாங்கன்னா. நானும் விட்டுட்டேன். நீங்க படிச்சீங்கல்ல?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் டீச்சரின் வாயையே பார்த்தார்கள். பாவி, ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்!

அன்றிலிருந்து அந்தச் சத்தம். வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும், தாழ்வாரத்தில் ஈ காக்கை இருக்காது, பெட்டிக்குள் ஒரு தாள் சரிந்து விழும். சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடுவாள். பூட்டைத் திறப்பாள். புதிதாக ஒரு மிட்டாய் உறைகூட விழுந்திருக்காது. "பெட்டியத் தூக்கிக் கடாசிட்டு வேலையப் பாரேன்" என்றார் கணவர். கடாசிவிடலாம். அப்புறம் அந்தத் தாள் எங்கே போய் விழும்?

வருஷம் திரும்பிய வெள்ளிக்கிழமை குப்பை அறைக் கதவு தட்டப்பட்டது. எறும்பின் அம்மா நின்றிருந்தாள், பாதி உடம்பாக இளைத்துப்போய்.

"அந்த லெட்டரை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். ஏன் ஒண்ணும் செய்யலன்னு இப்ப கேக்க வரல. அவ கையெழுத்து வேணும். அவ்வளவுதான்."

எங்கேயோ தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சொன்ன ஒரு பொய்யே அவளை ஒரு வருஷமாகத் தூங்கவிடவில்லை.

"நான் படிக்கவே இல்லம்மா" என்றாள் டீச்சர். "அந்தப் பெட்டிய குப்பைக்குன்னு மாத்தினது நான்தான். உங்க பொண்ணுக்கு அது தெரியாது. லெட்டர் குப்பையோட போயிடுச்சு. அன்னிக்கு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

கன்னத்தில் பளார் என்று விழும் என்று காத்திருந்தாள். விழுந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி. அந்த அம்மா காகிதக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ யாருமே படிக்கலையா?"

"இல்லம்மா."

"படிச்சிட்டும் கல்லு மாதிரி இருந்துட்டாளேன்னு ஒரு வருஷமா உங்களச் சபிக்கிறேன். நீங்க நாசமாப் போகணும்னு சொல்லிட்டுத்தான் தினம் படுப்பேன். ஆனாலும் எம்புள்ள பட்ட பாடு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கேன்னு ஒரு ஆறுதல் இருந்துச்சு டீச்சர். அதையும் பிடுங்கிட்டீங்களே."

டீச்சர் வாய்விட்டு அழுதாள். அந்த அம்மா அழவில்லை. எழுந்து, துணியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, கதவுவரை போனவள் திரும்பினாள்.

"கோடு போட்ட தாளா, வெள்ளைத் தாளா? அதையாவது சொல்லுங்க."

வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் போதும், அந்தத் தாய் அதைப் பிடித்துக்கொண்டு வீடு போயிருப்பாள்.

"தெரியாதும்மா" என்றாள் டீச்சர்.