மூன்றாவது உருளை

தோர்ண்டன் ஹீத்தில் யோகேஸ்வரனின் பலசரக்குக் கடையில் இருந்த சூதாட்ட மெசினின் மூன்றாவது உருளை 2003 விஜயதசமி அன்று சுற்றத் தொடங்கியது, பிறகு நிற்கவில்லை. அது கரண்டில் ஓடுகிற மெசின் அல்ல. கைப்பிடியை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகி மூன்று உருளைகளையும் சுழற்றிவிடும். பிறகு ஒவ்வோர் உருளையின் பல்சக்கரத்திலும் ஒரு கொக்கி விழுந்து, இடமிருந்து வலமாக நிறுத்தும். மூன்றிலும் ஒரே படம் வந்தால் தட்டில் காசு கொட்டும். முன்பு அங்கே பப் நடத்தியவர்கள் தூக்கிப்போக அலுப்புப்பட்டு விட்டுப்போனது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு யோகேஸ்வரன் விளையாட்டாக ஒருமுறை இழுத்தபோது எலுமிச்சையோ செர்ரியோ வரவில்லை. மூன்று பச்சைக்கிளிகள் வந்தன. மேல்மாடியில் கூண்டு பூட்டியபடியே இருக்க, வீட்டார் வளர்த்த கிளியைக் காணோம். தட்டில் இறகுகள் கிடந்தன. அவர் இரண்டு தடவை மெசினைக் குப்பைக்கு அனுப்பினார். இரண்டு தடவையும் விடியுமுன் அது பழைய இடத்தில் நின்றது. கடைசியில் சாக்கால் மூடி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் மனைவி சிவனேஸ்வரி ஆயுத பூசையில் எந்தக் கருவியையும் ஒதுக்குகிற ஆள் அல்ல. கல்லா, தராசு, மா அரைக்கும் மெசின், எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். "அதையும் விடக்கூடாதப்பா. பூசை இல்லாமல் கிடந்தபடியாத்தான் அதுக்குக் கோவம்," என்றார். மெசினின் பின்கதவைத் திறந்து கொக்கிகளுக்கும் தாராளமாக அப்பினார். மறுநாள் எல்லாக் கருவியையும் தொடக்கிவைக்கிற வழக்கப்படி, கணவர் ஓடிவந்து தடுக்குமுன், கைப்பிடியையும் இழுத்துவிட்டார்.

முதல் கொக்கி விழுந்தது: அவர்களின் ஒரே மகள், பன்னிரண்டு வயது ரூபினியின் முகம். இரண்டாவது விழுந்தது: ரூபினி. மூன்றாவது விழவில்லை. சிவனேஸ்வரி கத்திய கத்தலில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஸ்ட்ரெதமில் லிப்ட் பழுது பார்க்கும் மலேசியத் தமிழர் சச்சிதானந்தன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசிக் கொக்கி சந்தனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது விழாதபடி கம்பி போட்டுக் கட்டினார்; கம்பி சுருண்டு தட்டில் வந்து விழுந்தது. சந்தனத்தை மட்டும் மெசின் துப்பவில்லை. "காஞ்சா கொக்கி விழுந்துரும்க்கா. ஈரமாவே வச்சிருங்க," என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார்.

அதன்பின் சிவனேஸ்வரி தூக்கம் என்பதை மறந்தார். காலையும் மாலையும் சந்தனம் அரைத்தார். செவன் கிங்ஸில் தங்கையின் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. வாடிக்கையாளர்கள் உருளையின் இரைச்சலைப் பிரிட்ஜ் என்று நினைத்தார்கள். கடையில் யாராவது குரலை உயர்த்தினால் மூவரும் பயந்து மெசினைத்தான் பார்த்தார்கள். இப்படியே ரூபினி வளர்ந்தாள், பள்ளிக்கூடம் முடித்தாள். 2009இல் தொலைவிலுள்ள லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது.

உருளை வேறு படத்தில் நிற்க வழியிருந்தால் தாயை இந்த வேலையிலிருந்து விடுவித்துவிட்டுப் போகலாமென்று ஒருநாள் காலை அவளே பின்கதவைத் திறந்தாள். சுற்றுகிற உருளை மங்கலாகத் தெரியவேண்டும். இதில் மங்கலே இல்லை. சுற்றிவர ஒட்டியிருந்த படங்களெல்லாம் ஒரே முகமாகிவிட்டதால் அது அசையாமல் நிற்பதுபோல் இருந்தது. பதினெட்டு வயது ரூபினி உள்ளேயிருந்து அவளைப் பார்த்தாள். எங்கே நின்றாலும் அவள்தான்.

"என்ன பிள்ளை தெரியுது?" என்று சிவனேஸ்வரி கேட்டார்.

"ஒண்டுமில்லை அம்மா. படமெல்லாம் தேஞ்சுபோச்சு, வெறும் பிளாங்க். நீங்கள் போய்ப் படுங்கோ."

சிவனேஸ்வரி பின்னேரம் வரை தூங்கினார். ரூபினி சந்தனத்தைக் குழைத்துக் கொக்கிக்குப் பூசினாள். பிறகு லீட்ஸுக்கு வரவில்லையென்று அறிவித்துவிட்டு, குரொய்டனில் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். கேட்டவர்களிடம், வீட்டிலிருந்து போய்வருவதுதான் வசதி என்றாள்.