அக்குளில் நாலு டன் நிலக்கரி

அனார்குல் வீட்டில் பணம் ஐந்து உறைகளில் குடியிருந்தது. மாவு, மின்சாரம், மருந்து, மொய், இதர. நாரின் நகர மருத்துவமனையில் சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவள் அவள். எதற்கும் ஓர் உறை, உறைக்கு ஒரு பெயர், பெயருக்குக் கீழே தேதி என்று இல்லாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும். ஐந்து உறைகளும் கண்ணாடி அலமாரியில் தேநீர்க் கோப்பைகளுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். அந்த இடம் கணவன் எசென்பெக்குக்கும் தெரியும். சங்கடம் அங்கேதான்.

எசென்பெக் கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, லாரிப் பட்டறையில் மாடாக உழைப்பான். அவனுக்கு இருந்த ஒரே வியாதி, 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. வாசலில் ஒருவன் வந்து முகத்தைத் தொங்கப் போட்டால் போதும், இவன் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். போன வருடம் நிலக்கரி என்று ஆறாவதாக ஓர் உறை இருந்தது. அது, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவனுடைய குதிரையின் வைத்தியத்துக்குப் போனது. குதிரை செத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கணவனும் மனைவியும் சமையலறையில் கோட்டைக் கழற்றாமல் படுத்தார்கள். படுக்கையறைச் சுவரில் உள்பக்கமாகவே பனி பூத்தது.

அதனால் இந்த வருடம் அனார்குல் நிலக்கரிக்கு உறை போடவில்லை. வேறு இடம் பார்த்தாள்.

நாரினில் எந்த வீட்டுக்குப் போனாலும் மெத்தை அடுக்குக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். விருந்துகளில் சீராக வந்த துணிமணிகள் அதில் கிடக்கும். சால்வை, சட்டைத் துணி, சாப்பான் எனப்படும் நீளமான மேலங்கி. இந்த விருந்தில் வந்ததை அடுத்த விருந்தில் கொடுக்க வேண்டியது. அதை யாரும் உடுத்துவதில்லை. பையைப் பிரித்தால் பிறகு கொடுக்க முடியாது என்பதால் பிரிப்பதும் இல்லை. ஒரு சால்வை கடையை விட்டு வந்து பத்து வருடம் எவர் தோளையும் தொடாமல் ஊரைச் சுற்றிவரும்.

அனார்குல் பெட்டியில் ஒரு கருநீல வெல்வெட் சாப்பான் இருந்தது. மார்பில் பொன்னிற இழையில் ஆட்டுக்கொம்புக் கோலம். அளவு, காளைமாடு போட்டாலும் தொளதொளக்கும். ஜிப் வைத்த கண்ணாடிப் பையில் வந்தது, பையின் மூலை கிழிந்திருந்ததால் அவளே மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். அவளுடைய பட்டியல்படி அந்த அங்கி இன்னும் மூன்று வருடத்துக்கு வீட்டை விட்டு நகரக் கூடாது. இதைவிடப் பத்திரமான இடம் ஏது? இடது அக்குளில் உள்துணியைப் பிரித்தாள். பத்து மாதமாகச் சேர்த்த இருபத்துநாலாயிரம் சோம் பணத்தை, ஆயிரம் ரூபாய்த் தாள் போல ஆயிரம் ஆயிரமாக, அடுக்கி வைத்தாள். நீல நூலால் பொடித் தையலாகத் தைத்து மூடினாள். நாலு டன் நிலக்கரி அக்குளுக்குள் அடங்கிவிட்டது.

செப்டம்பர் கடைசியில் தங்கையைப் பார்க்க இரண்டு நாள் கோச்கோருக்குப் போனாள். திரும்பி வந்தபோது எசென்பெக் வாசலிலேயே நின்றிருந்தான், முகமெல்லாம் பல்.

"அனாரு, நீ என்னைப் பத்திப் பெருமைப்படப் போற."

"என்னத்த உடைச்ச?"

"உடைக்கல. மிச்சம் பிடிச்சேன்! சாத்திபால்டி அண்ணனோட அறுபதாம் வயசு விருந்து முந்தாநாளு. மொய் உறைய விரலால தொடல. மூவாயிரம் அப்படியே இருக்கு. 'கொடுக்கணும்னா கடைக்குப் போகாத, பெட்டியப் பாரு'ன்னு சொல்லுவியே. பாத்தேன். அந்த வெல்வெட்டு அங்கிய எடுத்துட்டுப் போய் அண்ணன் கையில குடுத்துட்டேன். சனமெல்லாம் கைதட்டுச்சு."

இருபது வருட மணவாழ்க்கையில் அவன் செய்த முதல் சிக்கனம் அது.

அனார்குல் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். விஷயத்தைச் சொல்லலாம். சொன்னால் இவன் நேரே சாத்திபால்டி வீட்டுக்குப் போய், தேநீர் குடித்துக்கொண்டே தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்வான். பணம் திரும்பி வரும். வந்த கையோடு இன்னொரு குதிரைக்குப் போகும்.

"நல்ல காரியம் பண்ண," என்றாள்.

"பாத்தியா!" என்றான் அவன்.

கொடுத்த சீரைப் பற்றி விசாரிப்பது போல மானக்கேடு நாரினில் வேறில்லை. தைரியம் வர அவளுக்கு ஐந்து நாள் ஆனது. அதற்குள் நிலக்கரிக்காரன் குபாத் போனில் கூப்பிட்டுவிட்டான். "அக்கா, இருபதாம் தேதி லாரி வருது. அதுக்கப்புறம் பனி விழுந்துச்சுன்னா விலையச் சொல்ல எனக்கே வெக்கமாயிருக்கும்."

வியாழக்கிழமை சாத்திபால்டியின் மனைவி பாத்மாவிடம் போனாள். மூன்று கோப்பைத் தேநீர் உள்ளே போனதும் மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு அந்த அங்கி அளவு சரியா இருந்துச்சா?"

"ஐயோ, அளவெடுத்துத் தச்ச மாதிரி! கழட்டவே மாட்டேங்கறாரு."

சாத்திபால்டி அப்போது முற்றத்தில் பனியனோடு விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"இப்பக் கழட்டியிருக்காரு போல."

பாத்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "சரி, விடு. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நேத்து உங்க எதிர்வீட்டு ஜுமாஷ் புதுக்கார் வாங்கின விருந்து, நீதான் வரல. கையில வேற எதுவும் இல்ல. குடுத்துட்டேன். நீ மட்டும் கடையில வாங்கியா குடுத்த? மூலையில பிளாஸ்திரி இருந்துச்சே!"

அனார்குல் வீட்டுக்கு நேர் எதிர்வீடு அது. அங்கே ஜுமாஷும் அவன் மனைவி உல்கானும் இருந்தார்கள். ஜுமாஷ் காசு கையில் பட்டால் கார் வாங்குவான். புதுக்கார் என்பது அவனுக்குப் புதிது, காருக்கு இல்லை. உல்கான் வாய் ஊர் அறிந்தது. அனார்குல் தெருவில் நடந்தால், "வழி விடுங்கடி, அஞ்சு உறைக்காரி வர்றா. காத்து மேல பட்டா அதுக்கும் கணக்கு வச்சுருவா" என்பாள். அவளிடம் போய் அங்கியைக் கேட்பதாவது! கேட்ட மறுநிமிடம் ஏன் கேட்டாள் என்று பையைப் பிரித்து உதறிப் பார்த்துவிடுவாள்.

மூன்று நாள் அனார்குல் தன் ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலைப் பார்த்தாள். இருபத்துநாலாயிரம் தெருவுக்கு அந்தப்பக்கம், கூப்பிடு தூரத்தில் கிடந்தது. சீட்டு எழுதுகிறவள் அல்லவா, ஒழுங்காக யோசித்தாள். உல்கான் மகள் கல்யாணத்துக்கு இவள் சீர் செய்திருக்கிறாள். உல்கான் இன்னும் திருப்பவில்லை. இந்த வீட்டில் ஒரு விருந்து நடந்தால் திருப்பியே ஆக வேண்டும். பெரிய சீருக்கு ஈடாக அந்தப் பெட்டியில் இப்போது இருப்பது ஒரே ஒரு பெரிய பொருள்.

விருந்துக்குக் காரணமும் கிடைத்தது. எசென்பெக்குக்கு நாற்பத்தொன்பது. பன்னிரண்டு வருடச் சுற்று திரும்பும் வயது, கண்டமுள்ள வருடம். ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டால் கழியும் என்பார்கள். அந்த வயது பிறந்து ஏழு மாதம் ஓடிவிட்டது, பரவாயில்லை.

"எனக்காகவா?" என்று எசென்பெக்கின் கண் கலங்கியது. "ஆடு வாங்கணுமே."

"ஆடு இருக்கு," என்றாள்.

இருந்தது. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், பைபையாக. விருந்துக்குப் போனவர்கள் தங்கள் பங்குக் கறியைக் கட்டிக்கொண்டு வருவது ஊர் வழக்கம். மற்றவர்கள் அன்றைக்கே தின்பார்கள். அனார்குல் சீட்டு எழுதிப் போட்டு உறைய வைப்பாள்: எந்த விருந்து, என்ன தேதி, எந்த எலும்பு. கோடையிலிருந்து ஒன்பது விருந்துக் கறி இருந்தது. ஒரே அண்டாவில் கொட்டினாள். மாவுப் பட்டைக்கும் வெங்காயத்துக்கும் மிட்டாய்க்கும், எசென்பெக் மிச்சம் பிடித்த அந்த மூவாயிரம் சரியாகப் போயிற்று.

பதினாறாம் தேதி ஞாயிறு மதியம் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். உல்கான் கையில் ஒரு சின்னத் தலைத்துணிப் பொட்டலத்தோடு முதலில் நுழைந்தாள். அனார்குல் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பின்னாலேயே ஜுமாஷ் வந்தான். கையில் கண்ணாடிப் பை, பையின் மூலையில் பிளாஸ்திரி.

உல்கான் திரும்பிப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "இத யாருய்யா எடுத்துட்டு வரச் சொன்னா? துணி போதும்னு சொன்னேன்ல?" என்று பல்லுக்குள் சொன்னாள்.

என்னைச் சொல்கிறாளே, இவள் அல்லவா கருமி என்று அனார்குல் நினைத்துக்கொண்டாள்.

மாவுப் பட்டைமேல் கறி குவித்த பெஷ்பர்மாக் தட்டுகள் வந்தன. தொண்ணூறை நெருங்கிய ஜோல்சு பெரியவர் ஒரு துண்டை மென்றார், இன்னொன்றை மென்றார். "ஏம்மா, இது ஆடா, குதிரையா?"

"ரெண்டும்தான் பெரியவரே."

"ஒரே அண்டாவிலயா?"

"ஒத்துமையா இருக்கட்டுமேன்னுதான்."

பாத்மா தன் தட்டிலிருந்த தொடை எலும்பைத் திருப்பினாள். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'சாத்திபால்டி, அறுபது, தொடை' என்று அழகான கையெழுத்து. பாத்மா அதை வாசித்தாள். உரித்துச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டாள். "நல்ல கறி," என்றாள், "எங்கயோ சாப்பிட்ட ருசி."

சீர் வைக்கும் நேரம் வந்தது. ஜுமாஷ் எழுந்து பையை விர்ரென்று பிரித்தான், அங்கியை உதறி எசென்பெக்கின் தோளில் போட்டான். கைகள் இரண்டும் காணாமல் போயின. கூட்டம் கைதட்டியது. எசென்பெக்குக்கு மூக்கு சிவந்து கண்ணீர் வந்தது. அது வந்தால் அடுத்து என்ன வரும் என்று அனார்குலுக்குத் தெரியும்.

"எனக்கெதுக்கு இது!" என்றான் அவன், குரல் தழுதழுக்க. "நம்ம ஜோல்சு பெரியவரு ஜன்னலோரம் நடுங்கிட்டு உக்காந்திருக்காரு. பெரியவரே, இந்தாங்க..." ஒரு கையை அங்கியிலிருந்து உருவினான்.

"வேண்டாம்!"

இரண்டு பெண் குரல்கள், ஒரே நேரத்தில். ஒன்று அனார்குலின் குரல். மற்றது யாருடையது என்று பார்க்க அப்போது அவளுக்கு நேரமில்லை.

"சுத்து திரும்பற வயசுல போட்ட துணிய அடுத்தவங்களுக்குக் குடுத்தா கண்டம் திரும்பி வந்துரும்," என்றாள், வாயில் வந்ததை.

"ஆமாமா!" என்று எழுந்தே விட்டாள் உல்கான். "எங்க பக்கம் ஒருத்தன் அப்படித்தான் குடுத்தான். வியாழக்கிழமை போய்ச் சேந்துட்டான். வசந்தத்துல பனி உருகற வரைக்கும் கழட்டவே கூடாது!"

"தூங்கறப்பவுமா?" என்றான் எசென்பெக் பயந்துபோய்.

"தூங்கறப்ப, பாரம் தூக்கறப்ப கழட்டலாம்," என்று அனார்குல் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தினாள்.

"நீ எப்பலேருந்துடி இதெல்லாம் நம்பற?" என்று ஜுமாஷ் மனைவியைக் கேட்டான். பெரியவருக்கு உல்கானின் தலைத்துணி போய்ச் சேர்ந்தது. அவர் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குதிரையை மென்றார்.

விருந்து முடிந்து, இரவல் பெஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்க எசென்பெக் போனான். பாரம் என்பதால் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். அனார்குல் கத்தரியோடு உட்கார்ந்தாள். இடது அக்குள், நீல நூல், இருபத்துநாலு தாள். இரண்டு தரம் எண்ணினாள். நிம்மதியாக அங்கியை மடிக்கும்போது வலது அக்குளும் மொடமொடத்தது.

அங்கே வெள்ளை நூல். ஆட்டுத்தோல் தைப்பது போல முழ முழத் தையல். பிரித்தால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு சோம், ஒரு ஜோடித் தங்கத் தோடு.

அனார்குல் கணக்குப் போட்டாள். ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்றால் இன்னும் ஒன்றரை டன்; படுக்கையறை அடுப்பையும் ஏற்றலாம், சுவரில் பனி பூக்காது. கேட்டு யார் வர முடியும்? ஊரில் எத்தனை பெட்டியில் இந்த அங்கி கிடந்ததோ. தோடுகளை உள்ளங்கையில் உருட்டினாள். கூடத்தில் கேட்ட அந்த இரண்டாவது குரல் இப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது. இருந்தது இருந்தபடியே உள்ளே வைத்து, அதே வெள்ளை நூலால், அதே அசிங்கமான தையலாகத் தைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே உல்கான் வந்தாள். எசென்பெக் அப்போதுதான் குளியலறைக்குள் போயிருந்தான்.

"சல்லடை இருக்கா அனாரு?"

"இருக்கு. உக்காருங்கக்கா, தேநீர் ஊத்தறேன்."

உல்கான் உட்கார்ந்தாள். வானிலையைப் பற்றிப் பேசினாள். மாவு விலையைப் பற்றிப் பேசினாள். மூன்றாவது கோப்பையில், எங்கோ பார்த்துக்கொண்டு, "எசெனுக்கு அந்த அங்கி அக்குள்ல கொஞ்சம் இறுக்குன மாதிரி தெரிஞ்சுச்சு. குடேன், பிரிச்சு நல்லா தச்சுத் தாரேன்" என்றாள்.

மாடு போட்டால் தொளதொளக்கும் அங்கி.

"எந்த அக்குள் அக்கா?"

"வலது."

"அப்பச் சரி. இடதை நான் தச்சாச்சு."

உல்கான் வாயில் தேநீரோடு அனார்குல் முகத்தைப் பார்த்தாள். பிறகு தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தாள். "அடிப்பாவி! அதுக்குத்தானா இந்த விருந்து? எங்க வீட்டுக்காரன் கார்ப் பைத்தியம் உனக்குத் தெரியுமில்ல, அனாரு? அடுத்தது டிராக்டராம். தோடைக்கூட வித்துருவான்."

"எல்லாம் அப்படியே இருக்கு. எண்ணிப் பாத்துக்கங்க."

"உன்கிட்டயே வச்சுக்க," என்றாள் உல்கான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு உறை போட்டு என் பேர எழுது. தேதியும் போட்டுரு, இல்லன்னா உனக்குத் தூக்கம் வராது."

இருபதாம் தேதி குபாத்தின் லாரி வந்து நாலு டன் நிலக்கரியை வாசலில் கொட்டியது. பொன்கொம்புக் கோலம் போட்ட வெல்வெட் அங்கியில் எசென்பெக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தான். நான்கு நாளாக அதில்தான் பட்டறைக்கும் போகிறான். கண்டம் பிடிக்காமல் இருக்க.

"ஏது அனாரு இவ்வளவு பணம்?"

"நீ மொய்யில மிச்சம் பிடிச்சதுதான்."

எசென்பெக் கரிக்குவியலைப் பார்த்தான். தெருவில் போகிறவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். "பாத்துக்கங்கய்யா! மூவாயிரத்த மிச்சம் பிடிச்சா நாலு டன் வருது! இத்தனை வருஷம் இவ சொல்லச் சொல்ல எனக்குத்தான் உறைக்கல."