செங்கோடன் கைக்குப் போன லாரி

எட்டு வருடம் அந்தச் சின்ன லாரியைப் பொன்னுவேல் திட்டிக்கொண்டேதான் ஓட்டினான். பின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக். ஏற்காடு ஏறி முடிப்பதற்குள் ரேடியேட்டர் மூன்று முறை கொதிக்கும். புது வண்டி வேண்டுமென்று காப்பி எஸ்டேட் துரையை நச்சரித்து, 1937இல் ஒருவழியாக வாங்கியும் விட்டான். பழையதை சேலத்தில் இரும்புக்குப் போடுவதாக இருந்தது.

காப்பிப் பழம் உரிக்கும் கொட்டகையில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த செங்கோடன், அதைத் தன்னிடம் விடும்படி கேட்டான். சரிசெய்து தானே ஓட்டுவதாகச் சொன்னான். துரை மழைக்காலம் முடியும்வரை அவகாசம் கொடுத்தார். பொன்னுவேல் அதைக் கேட்டுச் சிரித்தான்.

பக்கத்து எஸ்டேட்டில் பள்ளத்தில் உருண்ட கார் ஒன்று கிடந்தது. அதன் பிரேக்கைக் கழற்றி வந்து நான்கு சக்கரங்களுக்கும் பிடிக்கும்படி செய்தான் செங்கோடன். பெரிய ரேடியேட்டர் மாட்டினான். பழம் பறிக்கும் பெண்கள் உட்கார்ந்து போகப் பின்னால் பலகை அடித்தான்.

கார்த்திகையில் பறிப்பு தொடங்கியது. புது லாரி நீளம். வாழவந்திப் பாதை வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்பாது. பள்ளத்தின் ஓரம்வரை பின்னால் போய்த்தான் திருப்ப வேண்டும். பழைய லாரி அலட்சியமாகத் திரும்பிப் போய்விடும். இரண்டே வாரத்தில் பெண்களெல்லாம் செங்கோடன் வண்டியில் ஏறினார்கள். பொன்னுவேலின் மனைவி ஆராயியும் ஏறினாள்.

ஏன் என்று பொன்னுவேல் வீட்டில் கேட்டான்.

"பலகை போட்டிருக்குதுங்க. உங்க வண்டி பின்னால போறப்ப பள்ளத்துல உழுந்துருமோன்னு இருக்குது" என்றாள். அவள் வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் துரையிடம் போனான். கார் பிரேக் லாரிக்குத் தாங்காது, ஆட்களை ஏற்றுவது ஆபத்து என்றான். நீயே சுமையேற்றிச் சேலம் போய்வந்து சொல் என்றார் துரை.

எட்டு வருடம் உட்கார்ந்த சீட்டில் பொன்னுவேல் மறுபடி உட்கார்ந்தான். இறக்கத்தில் காலை வைத்ததும் வண்டி பணிந்து நின்றது. திரும்பும்போது ஏற்றத்தில் ஒரு முறைகூடக் கொதிக்கவில்லை. நம்மிடம் இருந்தவரை இது ஏன் இப்படி ஓடவில்லை என்று நினைக்க நினைக்க அவனுக்கு நெஞ்சு எரிந்தது.

பாதி மலையில் அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அவனுக்குத் தெரிந்த சத்தம். நான்கு வருடத்துக்கு முன் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் விரிசல் விட்டபோது, துரை ஏசுவாரென்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு இரும்புப் பட்டையை வைத்து போல்ட் போட்டு மறைத்திருந்தான். அது இப்போது தளர்ந்திருந்தது. சொன்னால் தன் திருட்டுத்தனம் வெளியே வரும். செங்கோடனும் மூன்றே நாளில் அதைச் சரிசெய்துவிடுவான். விரிசலைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தான்.

பங்களா முன்னால் துரையும் செங்கோடனும் காத்திருந்தார்கள். "பிரேக் புடிக்கலீங்க" என்றான் பொன்னுவேல்.

துரை தானே வண்டியில் ஏறினார். பங்களாவுக்குக் கீழே சரிவில் வேகமாக விட்டு, பிரேக்கை மிதித்தார். வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. இறங்கி வந்த அவர் முகம் சிவந்திருந்தது.

அவர் பேசுவதற்குள் செங்கோடன் முந்திக்கொண்டான். "இதுல மிதி வேற மாதிரிங்க தொரை. பழகாதவங்களுக்குப் புடிக்காத மாதிரித்தான் தெரியும். அண்ணன் மேல தப்பில்லீங்க."

துரை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வேலை போகாமல் தப்பியது. ஆனால் திட்டு வாங்கியிருந்தால்கூட பொன்னுவேலுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இவன் யார் என்னைக் காப்பாற்ற என்று வழியெல்லாம் புகைந்தான்.

மறுநாள் காலையில் பழைய லாரி புறப்பட நின்றது. பதினெட்டுப் பெண்கள் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆராயி ஓரத்தில் இருந்தாள். செங்கோடன் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். பொன்னுவேல் தன் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். லாரி நகரத் தொடங்கியபோது இறங்கி ஓடிப்போய் முன்னால் நின்றான்.

"ஆளுகளை எறக்கு செங்கோடா. சேஸ் ஒடைஞ்சிருக்குது. நாந்தான் மறைச்சு வச்சேன்."

இருவரும் அடியில் படுத்துப் பார்த்தார்கள். பட்டைக்குக் கீழே விரிசல் விரல் நீளத்துக்கு மேல் ஓடியிருந்தது. எந்தப் பக்கம் முதலில் விட்டது என்று மட்டும் செங்கோடன் கேட்டான். பொன்னுவேல் தொட்டுக் காட்டினான்.

மூன்று நாளில் கனமான தகடு வைத்து ரிவெட் அடித்து முடித்தான் செங்கோடன். அந்த மூன்று நாளும் பெண்கள் புது லாரியில் போனார்கள். நாலாம் நாள் ஆராயி உட்பட எல்லாரும் பழையதற்கே திரும்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னுவேல் கொட்டகைக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு, மஞ்சக்குட்டைவரை ஒரு நடை அதை ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"அதுக்கென்னங்ணா, எடுத்துட்டுப் போங்க" என்றான் செங்கோடன், கையிலிருந்த வேலையைக்கூட நிறுத்தாமல்.

அவன் ஒரு நொடியும் யோசிக்காததுதான் பொன்னுவேலுக்குச் சுருக்கென்றது. இப்படி ஒரு வண்டி தன்னுடையதாக இருந்தால் பொன்னுவேல் யாருக்கும் தொடக்கூடக் கொடுத்திருக்க மாட்டான்.